முதல்ல நீங்க போங்க

என் கணவர் வெர்லின் ஹாகன் வாரத்தில் ஐந்து நாள் மனிதர்களைக் குழியில் விழாமல் காப்பாற்றினார். ஆறாவது நாள் மனிதர்கள் விழுவதற்கென்றே குழி தோண்டினார். இரண்டுக்கும் ஒரே பென்சில்தான்.

பகல் வேலை, விவசாயிகளின் காப்பீட்டுச் சங்கத்தில் பரிசோதகர். மாட்டுக்கொட்டகை, தீவனக் கோபுரம், சாணிக்குழி என்று ஒவ்வொரு பண்ணையாகப் போவார். எந்தப் படி உளுத்திருக்கிறது, எந்தக் குழிக்கு மூடி இல்லை, எந்தக் கைப்பிடியை நம்பிச் சாய்ந்தால் ஆள் காலி என்று எழுதிக்கொண்டு வருவார். தெற்கு விஸ்கான்சினில் அவர் எட்டிப் பார்க்காத குழி கிடையாது. அந்த அறிவு வீணாகக் கூடாதென்று சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கீழறையில் கட்டம் போட்ட தாளை விரித்து வைத்துக்கொண்டு, உளுத்த படியையும் மூடியில்லாத குழியையும் நம்ப முடியாத கைப்பிடியையும் தன் கையாலேயே வரைவார்.

எல்லாம் ஒரு மேசை ஆட்டத்துக்காக. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு பாழடைந்த கோட்டைகளுக்குள் நுழைவார்கள். "எதிர்ல ஒரு இரும்புக் கதவு" என்பார் வெர்லின். "தட்டிப் பாக்குறேன்" என்பார் ஒருவர். தட்டினால் என்ன ஆகும் என்பதைப் பாதி பகடை முடிவு செய்யும், பாதி வெர்லின். பூதம், கத்திச்சண்டை, புதையல் எல்லாம் உண்டு. வெர்லினுக்கு அவற்றில் அக்கறை இல்லை. பூதத்தை எவன் வேண்டுமானாலும் கொண்டுவந்து நிறுத்தலாம் என்பார். அவருக்குப் பொறிதான் உயிர். அதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார். எச்சரிக்கையை ஒரே ஒரு முறை, தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காதில் வாங்கியவன் தப்பிக்க வேண்டும், வாங்காதவன் விழ வேண்டும். அவருடைய காப்பீட்டுச் சங்கமும் ஏறக்குறைய அதே கொள்கையில்தான் நடந்தது.

நான் இந்தப் பக்கத்துக்காரி அல்ல. கிழக்குக் கடற்கரையோரம் நியூவர்க்கில் பிறந்த இத்தாலிக்காரி, பெயர் ஃபிலோமினா. எங்கள் வீட்டில் ஏழு பேர், சட்டியில் எப்போதும் ஆறு இறைச்சி உருண்டை. அதனால் எனக்குக் கை நீளம், வாயும் நீளம். கல்யாணமான புதிதில் வெர்லினின் அம்மா என்னைப் பார்த்து, "காபி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டார். "குடுங்க" என்றேன். மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பி மழை வருமா என்று பார்த்தார்.

திரும்பி வரும்போது காரில் வெர்லின் எனக்குப் பாடம் எடுத்தார்.

"முதல் தடவ கேட்டா வேண்டாம்னு சொல்லணும் ஃபில். ரெண்டாவது தடவ கேட்டா, 'உங்களுக்கு எதுக்கு சிரமம்'னு சொல்லணும். மூணாவது தடவயும் கேட்டாங்கன்னா, 'சரி, அரைக் கப்பு'ன்னு சொல்லணும்."

"அரைக் கப்பா? எனக்கு முழுசா வேணுமே."

"முழுசாத்தான் ஊத்துவாங்க. ஆனா நீ அரைன்னுதான் சொல்லணும்."

"மூணாவது தடவ கேக்கலன்னா?"

வெர்லின் யோசித்தார். அப்படி ஒன்று நடந்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. "கேப்பாங்க" என்றார். என் மாமியார் அதற்குப் பிறகு பதினோரு வருடம் உறவுக்காரர்களிடம் என்னைப் பற்றி, "அந்தப் பொண்ணு காபி நல்லா குடிக்கும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் அதைவிடக் கடுமையாக ஒருவரைத் திட்ட முடியாது.

சனிக்கிழமைக் கூட்டத்தில் மூன்று பேர். எல்டன் மாட்டுப்பண்ணைக்காரர், ஆட்டத்தில் திருடன். லோவல் தபால்காரர், ஆட்டத்தில் மந்திரவாதி. ஆர்டிஸ் பள்ளி நூலகர், ஐந்தடி உயரம், பூப்போட்ட ஸ்வெட்டர். ஆட்டத்தில் கோடரி வீசும் காட்டுமிராண்டி. மூவரும் பதினொரு வருடமாக வெர்லினின் பொறிகளில் விழுந்து விழுந்து, கடைசியில் எதிலுமே விழாத ஆட்களாகிவிட்டார்கள். பத்தடிக் கழியால் தட்டிப் பார்க்காமல் ஒரு கல்லிலும் கால் வைக்க மாட்டார்கள். தண்ணீரை ஊற்றி எங்கே வடிகிறது என்று பார்ப்பார்கள். எல்டன் ஆட்டத்துக்குள் நாற்பது கோழிகளை வேறு வாங்கி வைத்திருந்தார். எந்த நடைபாதை வந்தாலும் முதலில் ஒரு கோழியை விடுவார். கோழி உயிரோடு திரும்பினால் இன்னொரு கோழி. ஒரு சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆரம்பித்து ஐந்து மணிக்கு எழுந்தார்கள். அந்த நான்கு மணி நேரத்தில் அவர்கள் கோட்டைக்குள் போன தூரம் பதினாறு அடி.

"இன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு வெர்லின்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். வெர்லின் தன் தாள்களை மடித்து வைத்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

இப்போது அவருடைய ஆசையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஏரிக்கரையில், ஒரு பழைய ஹோட்டல் கட்டடத்தில், செம்பு லாந்தர் என்ற கம்பெனி இந்த ஆட்டத்துக்கான சாகசப் புத்தகங்களை அச்சடித்து நாடெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடத்தில் அவர்கள் வெர்லினின் நான்கு பொறிகளை வாங்கிப் போட்டிருந்தார்கள். உதவியவர்கள் பெயர் கடைசிப் பக்கத்தின் அடியில், பூச்சி முட்டை அளவு எழுத்தில் வரும். முதல் புத்தகத்தில் "வி. ஹோகன்". இரண்டாவதில் "வி. ஹேகர்". மூன்றாவதில் "திருமதி வி. ஹாகன்". நான்காவதில் பெயரே இல்லை.

"நேராப் போய்க் கேளேன், வெர்லின். நடந்தா அஞ்சு நிமிஷம்" என்று நான் கத்தினேன்.

"அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் ஃபில்."

1986 வசந்தத்தில் அந்தக் கம்பெனிக்குப் புது ஆசிரியர் வந்தார், ஜூடித் கப்லன் என்று, நான் பிறந்த ஊர்ப் பக்கத்து பிலடெல்ஃபியாவிலிருந்து. பொறிகள் மட்டுமே உள்ள முழுப் புத்தகம் ஒன்று வேண்டும், யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், தேறியதை ஆகஸ்டில் மில்வாக்கியில் நடக்கும் மேசை ஆட்டச் சந்தையில் முன்பின் தெரியாத ஆட்களிடம் கொடுத்து ஆட வைத்துப் பார்ப்போம் என்று அறிவிப்பு வந்தது. அன்று சாயங்காலம் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த வெர்லின், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அட்டையில என் பேரு இருந்தா, அவ்ளோ ஒண்ணும் மோசமா இருக்காது."

இருபத்தாறு வருடம் அந்த மனிதரோடு வாழ்ந்தவள் என்பதால் எனக்குப் புரிந்தது. நியூவர்க்கில் இது ஒருவன் தெருவில் உருண்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு கேட்பதற்குச் சமம். அவர் தனக்கென்று ஒன்றை வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எப்படியாவது அது அவருக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று அந்த நிமிடமே எனக்கும் வெறி பிடித்துக்கொண்டது.

ஆனால் எழுதுவதற்குப் பொறி வேண்டுமே. குழி, அம்பு, விஷ ஊசி, உருளும் பாறை எல்லாவற்றையும் எல்டனின் கோழிகள் தின்று முடித்திருந்தன. வெர்லின் மூன்று வாரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல வறுத்த மீன் சாப்பிடக் கிளம்பினோம். தேவாலயத்துக்குப் பக்கத்து நாற்சந்தியில் நாலு பக்கமும் நிறுத்தப் பலகை, யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போக வேண்டும். நாலு பக்கமும் ஒரே நேரத்தில் நாலு கார் வந்து நின்றது. வெர்லின் எதிர்க் காருக்குக் கை காட்டினார். எதிர்க் கார் இடது பக்கத்துக்குக் கை காட்டியது. இடது பக்கத்துக் கார் வலது பக்கத்துக்கு. வலது பக்கத்துக் கிழவர் எங்களுக்கு. பிறகு ஒரு சுற்று புன்னகை. பிறகு மறுபடியும் கை. ஒருவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்து வண்டியை ஒரு சாண் நகர்த்தினார், இன்னொருவரும் நகர்த்தியதைப் பார்த்ததும் பயந்துபோய் நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்கும் விதமாகத் தலையாட்டினார்.

"போயேன் வெர்லின்! மீன் தீந்துடும்!"

"அவர் முதல்ல வந்தார் ஃபில்."

"நாலு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம்! போ!"

அவர் போகவில்லை. வண்டியை அணைத்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, சங்கத்தின் விபத்துப் படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு நாற்சந்தி வரைந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"இதக் கோழி கண்டுபிடிக்காது" என்றார்.

இரண்டு மாதத்தில் புத்தகம் தயாராகிவிட்டது. அதில் ஒரு குழி கிடையாது, ஒரு அம்பு கிடையாது. அகலமான ஒரு கதவு, அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம். எல்லோரும் வெளியே நின்று நூறு எண்ணும் நேரத்துக்குள் ஒருவரும் நுழையவில்லை என்றால் நிற்கிற தரை கீழே போய்விடும். உள்ளே ஒரு விருந்து அறை, மேசையில் ஒரே ஒரு துண்டு கேக். அதை யாராவது முழுசாகத் தின்று முடிக்கும்வரை அறையில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். அதைத் தாண்டினால் ஒரு எலும்புக் கிழவன், "சாவி வேணுமா?" என்று கேட்பான். வேண்டாம் என்றால் நம்பிவிடுவான், நம்பிச் சாவியை விழுங்கிவிடுவான். கடைசியில் வாசல். "போயிட்டு வரேன்" என்று சொன்ன பிறகும் நின்று பேசிக்கொண்டிருப்பவரின் கால்கள் மெல்ல மெல்லக் கல்லாகும். எச்சரிக்கை வேண்டுமே, அவர் கொள்கை அது. முதல் சுவரிலேயே பெரிய எழுத்தில் செதுக்கி வைத்திருந்தார்: இங்கே சொன்னது சொன்னதுதான்.

வீட்டில் ஒத்திகை நடந்த சனிக்கிழமை நான் மேலே அடுப்படியில் இருந்தேன். கீழேயிருந்து குரல் வந்தது.

"நீங்க போங்க ஆர்டிஸ்."

"ஐயோ, நீங்கதான் வயசுல பெரியவர் லோவல்."

"பரவால்ல, எல்டன் கதவு பக்கத்துல நிக்கிறாரு, அவரே போகட்டும்."

"நான் ஒரு கோழிய அனுப்பட்டுமா?"

"கோழிக்கு முன்னால நாம போனா நல்லாவா இருக்கும்?"

இரண்டு முறை தரை அவர்களோடு கீழே போனது. மூன்றாவது முறை லோவல் கால் இடறி உள்ளே விழுந்ததால் கதவைத் தாண்டினார்கள். விருந்து அறையில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. நான் ருபார்ப் கேக் தட்டை எடுக்கக் கீழே இறங்கினேன். மேசையில் ஆட்டம் ஒரு பக்கம், என் தட்டு ஒரு பக்கம். தட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த துண்டை யாரோ பாதி வெட்டி எடுத்திருந்தார்கள். அந்தப் பாதியில் இன்னொருவர் பாதி. இப்போது கட்டைவிரல் நகம் அளவில் ஒன்று கிடந்தது, அதிலும் ஒரு கத்திக் கோடு.

"இடுப்பளவு தண்ணி" என்றார் வெர்லின்.

"நான் அதுல பாதி மட்டும் எடுத்துக்கிறேன்" என்றாள் ஆர்டிஸ் என்கிற காட்டுமிராண்டி.

"கழுத்தளவு."

"மிச்சத்துல நான் பாதி" என்றார் லோவல். "எல்டனுக்கும் கொஞ்சம் இருக்கட்டும்."

"எனக்கு வேண்டாம், நான் மதியம் நல்லா சாப்பிட்டேன்."

எனக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது. "யாராவது ஒருத்தர் அதத் தின்னு தொலைங்களேன்!" என்று கத்திவிட்டு, தட்டில் இருந்த நகத்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேவாலயத்தில் காறித் துப்பியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"அதான் விடை" என்றார் வெர்லின், கொஞ்சம் கோபமாக. "ஆனா நீ ஆட்டத்துல இல்ல ஃபில்."

மூவரும் மூழ்கிச் செத்தார்கள். செத்த பிறகு, "அருமையான பொறி" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஐந்து மணிக்கு "சரி, கிளம்புறோம்" என்று முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, வாசலில் நின்று ஐந்தே முக்கால் வரை அதைப் பற்றியே பேசினார்கள். ஆட்டமாக இருந்திருந்தால் மார்பு வரை கல்லாகியிருப்பார்கள்.

அவர்கள் போன பிறகு நான் சொன்னேன். "வெர்லின், நான் ஒண்ணு சொல்லட்டுமா? எங்க அண்ணன் சால் இந்தக் கோட்டைக்குள்ள வந்தான்னா பத்து நிமிஷத்துல வெளிய வந்துடுவான்."

"உங்க அண்ணன் மாதிரி எத்தன பேரு இருக்கப் போறாங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

புத்தகம் முதல் கட்டம் தேறிவிட்டது. ஆகஸ்டில் ஆர்டிஸையும் கூட்டிக்கொண்டு மில்வாக்கிக்குப் போனோம். அரங்கம் முழுக்க மடக்கு மேசைகள், ஒவ்வொன்றிலும் யாரோ யாரையோ கொன்றுகொண்டிருந்தார்கள். ஜூடித் கப்லனை அங்கேதான் முதலில் பார்த்தேன். முப்பது வயதிருக்கும், கையில் மூன்று கோப்புகள், நடப்பதும் பேசுவதும் ஒரே வேகம்.

"ஹாகனா? நல்லது. உங்களுக்கு ரெண்டு மேசை. ஒண்ணு நீங்க நடத்துங்க, ஒண்ணு உங்க ஆளு. இவங்க யாரு, மனைவியா? நீங்க இந்த ஊர் இல்லியே."

"நியூவர்க்" என்றேன்.

"அதானே பாத்தேன்! முகத்துக்கு நேரா பாத்துப் பேசுறீங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இருபத்தாறு வருடத்தில் யாரும் அதைப் பாராட்டாகச் சொன்னதில்லை.

ஆர்டிஸ் நடத்திய மேசையில் எங்கள் பக்கத்து மாநிலமான மினசோட்டாவிலிருந்து வந்த நான்கு பேர். வெர்லினின் மேசையில் என் பிறந்த ஊர்ப் பக்கத்து லாங் ஐலண்டிலிருந்து வந்த நான்கு கல்லூரிப் பையன்கள், ஒருவன் பேசும்போதே மற்ற மூவரும் பேசினார்கள். வெர்லின் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"உங்க முன்னால ஒரு பெரிய கதவு. ஒரு நேரத்துல ஒருத்தர்தான்..."

"நான் போறேன்" என்றான் ஒருவன்.

"டேய் தள்ளு, நான்தான் முதல்ல."

"மூதேவி, உள்ள போடா, வழிய மறைச்சுக்கிட்டு."

வெர்லின் இரண்டு பக்கம் திருப்பினார். "ஒரு விருந்து அறை. மேசையில ஒரே ஒரு துண்டு..."

"தின்னுட்டேன்."

"நான் இன்னும் முழுசா சொல்லல."

"பரவால்ல, தின்னாச்சு."

எலும்புக் கிழவன் எழுந்து வந்தான். "சாவி வேணுமா?" என்று வெர்லின் நடுங்கும் குரலில் கேட்டார். அந்தக் குரலை அவர் கண்ணாடி முன்னால் நின்று ஒரு மாதம் பழகியிருந்தார்.

"குடு."

"ரெண்டு இருந்தா ரெண்டையும் குடு."

வாசலில் "வர்றோம்" என்று ஒரு சொல், போய்விட்டார்கள். பதினோரு நிமிடம். என் அண்ணன் சாலுக்கு நான் போட்ட கணக்கைவிட ஒரே ஒரு நிமிடம்தான் அதிகம். மேசையில் கைவைத்துக்கொண்டு வெர்லின் அந்தப் பையன்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான்கு மணி நேரத்துக்கென்று எழுதியது. விருந்தாளிகளை வெறுமனே உட்கார வைக்கக் கூடாதே என்று, "ஏதாவது... காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா, நாலு. ஒண்ணுல சர்க்கரை வேண்டாம்."

அவர் எழுந்துபோய் நான்கு காபி வாங்கிக்கொண்டு வந்தார். அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ஆனது ஆச்சு, அட்டையும் போச்சு, பெயரும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஒத்திகை நடந்த அன்றைக்கே நான் அவரிடம் இன்னும் உரக்கக் கத்தியிருக்க வேண்டும்.

ஆர்டிஸின் மேசையில் அந்த நேரம் முதல் கதவே தாண்டவில்லை. இரண்டு மணி நேரம் கழித்தும் தாண்டவில்லை. தரை ஐந்து முறை கீழே போனது. ஒவ்வொரு முறையும் விழும்போது நால்வரும் ஒருவரிடம் ஒருவர், "மன்னிச்சுக்கோங்க, என்னாலதான்" என்று சொல்லிக்கொண்டே விழுந்தார்கள். நான்காவது மணி நேரத்தில் அவர்களில் ஒருவர் கதவிடமே மன்னிப்புக் கேட்டார். ஆட்டம் முடிந்ததும் ஆர்டிஸைச் சுற்றி நின்று, இவ்வளவு நன்றாக நாங்கள் செத்ததே இல்லை என்று அரை மணி நேரம் நன்றி சொன்னார்கள்.

ஜூடித் இரண்டு மேசைக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். எங்களிடம் வந்தபோது அவள் கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது. சிரித்துச் சிரித்து வழிந்தது.

"எடுத்துக்கிறேன்" என்றாள். "பாதி நாடு செத்துப்போற புத்தகம், மீதி நாடு அதப் பாத்து சிரிக்கிற புத்தகம். இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல. வசந்தத்துல வரும்."

வெர்லின் தன் காலணிகளைப் பார்த்தார். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன. "அவ்ளோ மோசமா இல்லன்னா சரி" என்றார்.

"ஒரே ஒரு விஷயம். அட்டை இன்னிக்கு அச்சுக்குப் போகணும். கம்பெனியில பாரி வெக்ஸ்லர் பேரப் போடலாம்னு சொல்றாங்க, அவர் பேரப் பாத்துப் புத்தகம் வாங்குற ஆளுங்க ஜாஸ்தி, அவர் கொஞ்சம் சரிபாத்துக் குடுப்பாரு, உங்க பேரு உள்ள வரும். இல்ல, உங்க பேரயே அட்டையில போடலாம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்க எழுதினது, நீங்க சொல்லுங்க. உங்க பேரு போடட்டுமா?"

எத்தனை நேர்மையான கேள்வி! ஒன்பது வருடம், நான்கு பொறி, பூச்சி முட்டை எழுத்து எல்லாவற்றுக்கும் பதிலாக வந்த கேள்வி. வெர்லின் தலையை நிமிர்த்தினார். வாயைத் திறந்தார்.

"ஐயோ, எனக்காக எல்லாம் நீங்க சிரமப்பட வேண்டாம்" என்றார்.

அவர் விலா எலும்பில் ஒரு குத்துக் குத்தினேன். அவர் அசையவில்லை. கண்ணில் மட்டும் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த எதிர்பார்ப்பு.

ஜூடித் நெற்றியைச் சுருக்கினாள். வேண்டாம் என்கிறாரா, வேண்டும் என்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நல்லவள், சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. நீங்க நம்ம பக்கத்து ஆளு. அவர் பேரு போடணுமா, வேண்டாமா?"

சொல்ல வேண்டியது என் வாயில் தயாராக இருந்தது. போடு, பெரிதாகப் போடு, எழுத்துப்பிழை இல்லாமல் போடு, தேவைப்பட்டால் நானே எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன் என்று நியூவர்க்கே என் தொண்டையில் வந்து நின்றது. பார்த்தால், அந்தப் பெண் கையில் மூன்று கோப்பு, கழுத்தில் வியர்வை, காலையிலிருந்து சாப்பிட்டாளோ என்னவோ. பாவம், எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்லுவாள். நான் புன்னகை செய்வது எனக்கே தெரிந்தது. பிறகு என் குரல் கேட்டது.

"அட, உங்களுக்கு எது சுலபமோ அப்படியே செய்யுங்க."

"சரி, அப்ப பாரி" என்றாள் ஜூடித். கோப்பில் ஒரு கோடு போட்டாள். இருவர் கையையும் குலுக்கினாள். போய்விட்டாள்.

நாங்கள் ஆர்டிஸை அவள் தங்கையோடு அனுப்பிவிட்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தோம். நல்ல வெயில். வெர்லின் சாவியைப் போட்டார், வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுக்கொண்டார். நானும் இறக்கினேன். அரங்கத்தின் பக்கவாசல் நேர் எதிரில் இருந்தது.

"ரெண்டு தடவதானே ஆச்சு" என்றார்.

"ஆமா. என்கிட்ட கேட்டதயும் சேத்தா ரெண்டு."

"இன்னொரு தடவ கேப்பா."

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் என்றால், மடையா என்று கத்தி, வண்டியை விட்டு இறங்கி, உள்ளே ஓடி, அந்தக் கோப்பைப் பிடுங்கியிருப்பேன். இப்போது நான் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அந்த வாசலைப் பார்த்தேன். என்மேலேயே எனக்கு அத்தனை ஆத்திரமாக வந்தது, ஆனாலும் கால் நகரவில்லை. போய்க் கேட்டால் நன்றாகவா இருக்கும்?

"கேப்பா" என்றேன்.

முப்பத்தைந்து நிமிடம் இருந்தோம். பக்கவாசல் திறந்தது. ஜூடித் கோப்புகளோடு வெளியே வந்தாள், எங்கள் வண்டியைப் பார்த்தாள், நின்றாள். வெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அவள் கையை உயர்த்தி உற்சாகமாக ஆட்டிவிட்டு, தன் காரில் ஏறிப் போய்விட்டாள். நாங்களும் கையை ஆட்டினோம்.